ஆறிய பிறகு உடைந்த கொக்கி

அன்று அந்தக் கொக்கியை யாரும் அடிக்கவில்லை.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து மரியலூயிஸ் பழைய ஃபைல் ஒன்றை இழுத்தார். அதன்மேல் வைத்திருந்த உடைந்த கொக்கியின் பாதியும் சேர்ந்து வந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. பீங்கான் தட்டு விழுந்ததுபோல ஒரு சத்தம். குனிந்து பார்த்தார். கட்டைவிரல் பருமன் எஃகு, விழுந்ததற்கே மறுபடி இரண்டாக உடைந்து கிடந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று காலை முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை.

கரும்பாலையின் கொதிகலன் பிரிவில் அவர் ஃபோர்மேன். முப்பது வருஷ சர்வீஸ். கொதிகலனுக்குள் நீராவிக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கப் பன்னிரண்டு கொக்கிகள் உண்டு. துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. அந்த எஃகைத் தேர்ந்தெடுத்து வாங்கிப் போட்டது அவர்தான். ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், கரும்பு அரவை முடிந்து கொதிகலன் ஆறியபின், சாம்பல் கட்டிகளை உதிர்க்க ஃபிட்டர் வெள்ளைச்சாமி ஒரு கொக்கியைச் சுத்தியலால் தட்டினார். கொக்கி உடைந்தது. குழாய்க் கற்றை சரிந்து, கீழே நின்ற தர்மலிங்கத்தின் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் காரணம் எழுதியவர் மரியலூயிஸ். 'ஃபிட்டர் வெள்ளைச்சாமி அளவுக்கு மீறி ஓங்கி அடித்ததால் கொக்கி உடைந்தது.' வெள்ளைச்சாமியின் வேலை போயிற்று.

விசாரணையில் வெள்ளைச்சாமி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருந்தார்.

"மெதுவாத்தான் சார் தட்டினேன்."

மறுநாள் மரியலூயிஸ் எஃகுத் துண்டுகளைத் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினார்.

துவாக்குடியில் உலோகங்களைச் சோதிக்கும் ஒரு லேப் இருந்தது. அதை நடத்துபவர் தையல்நாயகி. உலோகப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வயதில் மரியலூயிசைவிடப் பதினெட்டு வருஷம் சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

துண்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டு மரியலூயிஸ் நின்றுகொண்டே கேட்டார்.

"மேடம், இது ஏன் உடைஞ்சுது?"

தையல்நாயகி ஒரு துண்டை எடுத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சர்க்கரைபோல மினுமினுத்தது.

"இத நான் முன்னாடியே பாத்திருக்கேன்," என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க ஆலையிலேர்ந்து அனுப்பினீங்க."

"ஆமா. கெமிக்கல் டெஸ்ட்டுக்கு. கலவை எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தீங்க. நல்ல எஃகுன்னு இருந்தா அடிச்ச கைதானே தப்புன்னு நான்..."

அவர் முடிக்கவில்லை. தையல்நாயகியும் அதை முடித்து வைக்கவில்லை.

"இதே மாதிரி மத்தது எங்க இருக்கு?"

"கொதிகலனுக்குள்ள. பதினொண்ணு."

"இப்ப அரவை நடக்குதா?"

"இல்ல. இன்னும் ஆறு வாரம் இருக்கு."

"உள்ள ஆள் போறாங்களா?"

"நாளைக்குப் போகணும்."

"போக வேணாம்னு இப்பவே போன் பண்ணுங்க. கீழேர்ந்து முட்டுக் கொடுத்துட்டு பதினொண்ணையும் இறக்குங்க. யாரும் எதையும் தட்ட வேணாம்."

மரியலூயிஸ் வெளியே போய் போன் செய்துவிட்டு வந்தார்.

"மாட்டாத புதுக் கொக்கி ஸ்டோர்ல இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. பன்னெண்டோட சேத்து வாங்கினது."

"அதையும், இறக்கினதுல ஒண்ணையும் கொண்டுவாங்க. வியாழக்கிழமை."

"மேடம், நான் கேட்டது..."

"தெரியும் சார். வியாழக்கிழமை."

வியாழக்கிழமை மரியலூயிஸ் கொண்டுபோன இரண்டு கொக்கிகளிலிருந்தும், மாட்டாதது ஒன்று, ஒன்பது வருஷம் சூட்டில் தொங்கியது ஒன்று, தையல்நாயகி விரல் நீளத்தில் இரண்டு தண்டுகள் வெட்டினார். இரண்டையும் ஒரே பளபளப்புக்குத் தேய்த்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றினாரோ என்னவோ, திரும்பி மேஜைமேல் வைத்தார்.

"எது புதுசு?"

மரியலூயிஸ் சிரித்தார். முப்பது வருஷம் இரும்போடு புழங்கிய கை. இதென்ன கேள்வி!

எடையைப் பார்த்தார். விரலால் தடவினார். ஒன்றோடொன்று தட்டி ஓசை கேட்டார். காந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டும் ஒரேமாதிரி ஒட்டின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மைக்ராஸ்கோப்புல வைக்கலாமா?"

தையல்நாயகி வைத்துக் காட்டினார். மணிமணியாக, கோடுகோடாக ஏதோ தெரிந்தது. இரண்டிலும் ஒன்றுதான்.

"தெரியல மேடம்," என்றார் மரியலூயிஸ். சிரிப்பு போயிருந்தது.

"கலவை டெஸ்ட் பண்ணாலும் ரெண்டும் ஒரே நம்பர்தான் வரும்."

தையல்நாயகி இரண்டு தண்டுகளிலும் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டார். முதல் தண்டை மேஜையில் பொருத்திய வைஸின் இடுக்கில் மாட்டி இறுக்கினார். மரியலூயிசிடம் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்தார்.

"தட்டுங்க."

"எவ்வளவு?"

"அன்னைக்கு வெள்ளைச்சாமி தட்டின மாதிரி."

மரியலூயிஸ் சுத்தியலைப் பிடித்தபடி நின்றார். வெள்ளைச்சாமி எப்படித் தட்டினார் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் வெளியே, கேன்டீன் பக்கம் இருந்தார். நேரில் பார்த்ததைப்போல எழுதியிருந்தார்.

ஓங்கி ஒரு அடி அடித்தார். தண்டு வளைந்தது. இன்னொரு அடி. இன்னும் வளைந்தது. உடையவில்லை.

தையல்நாயகி அதைக் கழற்றிவிட்டு இரண்டாவது தண்டை மாட்டினார்.

"இத மெதுவா."

மரியலூயிஸ் மெதுவாகத் தட்டினார். கதவைத் தட்டுவதுபோல. தண்டின் மேல்பாதி பறந்துபோய்ச் சுவரில் பட்டு விழுந்தது.

மரியலூயிஸ் வைஸில் நின்ற மீதிப் பாதியைக் குனிந்து பார்த்தார்.

"உள்ளே என்ன ஆச்சு, மேடம்?"

"இதுல இரும்பும் குரோமியமும் கலந்திருக்கு. ரொம்பச் சூட்டுல ரெண்டும் கலந்தே கிடக்கும். ஆறிட்டா இருக்கிற இடத்த விட்டு அசைய முடியாது. நானூறு டிகிரிக்கும் ஐநூறுக்கும் நடுவுல ஒரு சூடு இருக்கு. அந்தச் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா அசையவும் முடியும், பிரியவும் பிரியும். குரோமியம் ஒருபக்கம், இரும்பு ஒருபக்கம்னு திட்டுத்திட்டா ஒதுங்கிடும். மைக்ராஸ்கோப்புல கூடத் தெரியாத அளவு சின்னத் திட்டு. அப்புறம் எஃகு இறுகிப்போயிடும். வளைய வராது."

"எங்க கொதிகலன்ல அந்த இடம் நானூத்தி எழுபது."

"இருக்கும்."

"அப்போ ஏழு வருஷம் ஏன் தாங்குச்சு? ஓடிக்கிட்டு இருக்கும்போது உடைஞ்சிருக்கணுமே?"

"சூடா இருக்கிறவரைக்கும் தாங்கும் சார். வெளிய ஒண்ணும் தெரியாது. ஆறினப்புறம் ஒரு சின்ன அடி போதும்."

மரியலூயிஸ் சுவரோரம் போய், பறந்த துண்டைத் தேடி எடுத்துவந்தார்.

"இத முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியுமா?"

தையல்நாயகி பீரோவைத் திறந்து ஒரு ரிஜிஸ்டரை எடுத்தார். பக்கம் தேடி, அவர் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கலவை சரி என்று எழுதி, கீழே தையல்நாயகியின் கையெழுத்து.

"எஃகு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு அழுத்திப் பாக்கிற மெஷின் அந்த மூலையில இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. அதுல வைச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"ஏன் வைக்கல?"

"நீங்க அது என்ன எஃகுன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. அது எங்க இருந்துச்சுன்னு எழுதல." ரிஜிஸ்டரை மூடினார். "நானும் கேக்கல."

அதற்கப்புறம் மரியலூயிஸ் இரண்டு வியாழக்கிழமைகள் லேபுக்குப் போனார். வேலை எதுவும் இல்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தச் சூட்டில் எது இறுகும், எது இளகும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கிற மனிதர் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் குறிப்பெடுப்பதைப் பார்த்து லேபில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. எழுதவேண்டியதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் அவர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். அது தையல்நாயகிக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது வியாழக்கிழமை அவர் கிளம்பும்போது தையல்நாயகி கேட்டார்.

"நோட்டு தீந்துபோச்சா?"

"இன்னும் பாதி இருக்கு மேடம்."

"அப்போ இடம் இருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மரியலூயிஸ் எழுதினார். 'கொக்கி உடைந்ததற்குக் காரணம் ஃபிட்டரின் அடி அல்ல. அந்தச் சூட்டுக்கு ஒவ்வாத எஃகு. அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். விபத்தை நேரில் பார்க்காமல் அறிக்கை எழுதியவனும் நான்.'

ஆலை மேனேஜர் அதை இரண்டுமுறை படித்தார்.

"லூயிஸ், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச விஷயம் இது."

"எனக்கு முடியல சார்."

"சரி. வித்தவன் மட்டமான எஃக வித்துட்டான்னு எழுதிக் கொடு. யாருக்கும் வம்பு இல்ல."

"எஃகு நல்ல எஃகுதான் சார்."

"அத எப்படி நிரூபிப்ப?"

மரியலூயிஸ் அதைத் தையல்நாயகிக்குப் போனில் சொன்னார். அறிக்கையின் இன்னொரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு லால்குடிக்குப் போனார்.

லால்குடி ரயில் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் வெள்ளைச்சாமி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்திருந்தது. மரியலூயிசைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார்.

"வாங்க சார்."

"உக்காரு வெள்ளைச்சாமி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. இருவருமே உட்காரவில்லை. மரியலூயிஸ் அறிக்கையைப் பிரித்து முழுவதும் வாசித்தார். எஃகு எப்படி இறுகியது என்பதை, தையல்நாயகி சொன்னபடியே சொன்னார். கதவைத் தட்டுவதுபோலத் தட்டியபோதே உடைந்தது என்றார்.

நடுவில் ஒருவர் ஸ்கூட்டியை நிறுத்த வந்தார். வெள்ளைச்சாமி டோக்கன் கிழித்துக் கொடுத்தார்.

"நீ மெதுவாத்தான் தட்டியிருக்க வெள்ளைச்சாமி. நான்தான் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிடு."

வெள்ளைச்சாமி தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்படியா சார்?"

"என்ன அப்படியான்னு கேக்குற? நீயேதானே சொன்ன, மெதுவாத்தான் தட்டினேன்னு?"

"சொன்னேன். அப்ப ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் ஓங்கி அடிச்ச, ஓங்கி அடிச்சன்னாங்க. வீட்டுலயும் கேட்டாங்க. ஓங்கித்தான் அடிச்சிருப்பேனோன்னு நெனச்சுப் பாத்தேன். நெனக்க நெனக்க, ஓங்கி அடிச்ச மாதிரியே தோண ஆரம்பிச்சிடுச்சு." கையை விரித்து மூடினார். "இப்ப எப்படித் தட்டினேன்னு இந்தக் கைக்கே ஞாபகம் இல்ல சார். சுத்தியத் தொட்டும் ரெண்டு வருஷம் ஆச்சு."

பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. சிலபேர் அவசரமாக வந்து வண்டியை எடுத்துப்போனார்கள். அவர்கள் போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"தர்மலிங்கத்துக்கிட்டயும் போய்ச் சொல்லிடுறேன்," என்றார் மரியலூயிஸ். "இப்ப எங்க இருக்கான்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? மார்கழியில போயிட்டான். நெஞ்சுவலி."

மரியலூயிஸ் ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிருந்தியா?"

"தெருமுனை வரைக்கும் போனேன். அவன் சம்சாரம் பாத்துட்டா என்ன செய்றதுன்னு அங்கேயே நின்னுட்டேன். அப்படியே தூக்கிட்டுப் போனாங்க, பாத்தேன்." வெள்ளைச்சாமி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "பத்தொன்பது வருஷம் ஒரே ஷிஃப்ட் சார். அவன் டிபன் பாக்ஸ நானும் என் டிபன் பாக்ஸ அவனும்தான் சாப்பிடுவோம். கால் எடுத்தப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருதரம் போனேன். ஏன்டா அப்படி அடிச்சன்னு கேட்டான். கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். அப்புறம் பேசவே இல்ல."

மரியலூயிஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"அவன் கீழ நின்னான் சார். நான் எப்படி அடிச்சேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்க முடியாது. யாரோ சொல்லித்தான் கேட்டிருக்கான்."

சொன்னது மரியலூயிஸ். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் ஆப்பிள் பையோடு உட்கார்ந்துகொண்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். 'உன் மேல தப்பில்லப்பா. அவன்தான் மாட்டுத்தனமா அடிச்சிட்டான்.'

அதை இப்போது சொன்னார். சொல்லாமல் அங்கிருந்து போக முடியவில்லை.

வெள்ளைச்சாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று மரியலூயிசுக்குத் தோன்றியது.

"வேலையத் திரும்ப வாங்கித் தரப் பாக்குறேன் வெள்ளைச்சாமி."

"வேணாம் சார். அந்தக் கொதிகலனுக்குள்ள என்னால திரும்பப் போக முடியாது."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"ரயிலுக்கு நேரமாச்சுன்னா கிளம்புங்க சார்," என்றார் வெள்ளைச்சாமி. குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

அடுத்த வியாழக்கிழமை லேபில் மரியலூயிஸ் நோட்டைத் திறக்கவில்லை.

தையல்நாயகி சின்ன உலையைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய பதினொரு கொக்கிகளில் இன்னொன்றை வெட்டி, அதிலிருந்து எடுத்த தண்டு மேஜைமேல் இருந்தது.

"உங்க மேனேஜர் நிரூபிக்கச் சொன்னார்னு போன்ல சொன்னீங்களே," என்றார். "எஃகு முதல்லேர்ந்தே மட்டமா இருந்தா, இப்ப நான் செய்றதுக்கு அது சரியாகாது. சூட்டுல கெட்டுப்போனதுன்னா சரியாகும்."

உலை அறுநூறைத் தாண்டியதும் இடுக்கியால் தண்டை உள்ளே வைத்துக் கதவை மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. மரியலூயிஸ் லால்குடியில் நடந்தது முழுவதையும் சொன்னார். தர்மலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொல்லும்போது தையல்நாயகி டீயைக் கீழே வைத்தார்.

அரைமணி நேரம் கழித்து உலையைத் திறந்து, தண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டார். சீறி அடங்கியது. துடைத்துக் கீறல் போட்டு வைஸில் மாட்டினார்.

"ஓங்கியே அடிங்க சார்."

மரியலூயிஸ் அடித்தார். தண்டு வளைந்தது. மறுபடி அடித்தார். மறுபடி. வளைந்துகொண்டே போனதே தவிர உடையவில்லை. ஒன்பது வருஷத்தில் பிரிந்ததெல்லாம் மறுபடி கலந்துவிட்டிருந்தது.

"இத உங்க மேனேஜர் மேஜையில வைங்க," என்றார் தையல்நாயகி. "ரிப்போர்ட்டுல ரெண்டு கையெழுத்து இருக்கணும். ஒண்ணு என்னோடது. அன்னைக்குக் கேக்காம விட்டதையும் எழுதியிருக்கேன். ஆனா இதக் கொண்டுபோய் மறுபடி அதே இடத்துல மாட்டிடாதீங்க. அதே சூட்டுல திரும்பவும் இப்படியேதான் ஆகும். அங்க வேற எஃகுதான் போடணும்."

மரியலூயிஸ் தலையாட்டினார். சுத்தியலை மேஜைமேல் வைத்தார். வளைந்த தண்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் லேசான வெதுவெதுப்பு இருந்தது.

"எல்லாம் சரி மேடம். வெள்ளைச்சாமிகிட்ட உண்மையத்தான் சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் முகம் மாறவே இல்ல. கையப் பாத்துக்கிட்டே நிக்கிறான். ஏன் மேடம்?"

தையல்நாயகி உலையின் சுவிட்சை அணைத்தார்.

"ஓங்கி அடிச்சார்னு எத்தன நாள் சொன்னீங்க?"

"ரெண்டு வருஷம்."

"மெதுவாத்தான் அடிச்சார்னு?"

"ஒருதரம்."

தையல்நாயகி வைஸைத் தளர்த்தி, தண்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"அரைமணி நேரம் போதும்கிறது எஃகுக்குத்தான் சார்."